பூனைக்கு இருந்த வழி பாம்புக்கு இல்லை

மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் சகோதரர்கள், "வேளைக்கு இரை போடுகிறோமே, இதில் என்ன பாவம்?" என்று கேட்கின்றனர்.

பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அவளுக்கு அவிழ்த்துவிடும் வழியாவது இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. நம் நாட்டு மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும். அலுத்துவிட்டால் சேர்வராயன் மலையடிவாரத்தில் விட்டுவரவும் கூடாது.

ஆகவே, 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிரின் முழு அமானிதமும் உங்கள் தலைமேல். நாமக்கல்லில் கோழிக்குஞ்சு மலிவு என்பதால் அது நிறைவேறிவிடாது. மிகுதியான தீனி, அசையாது கிடக்கும் பாம்பைக் கொழுக்கவைத்து நோயாளியாக்கும். சேலத்துக் கோடையில் கண்ணாடிப் பெட்டி முழுதும் ஒரே சூடானால் அது எங்கே ஒதுங்கும்? ஈரம் குறைந்தால் சட்டை உரியாது. காற்றோட்டமின்றி ஈரம் தேங்கினால் நுரையீரல் கெடும். பாம்பு கதறாது, படைத்தவன் அறிவான்.

சூடும் குளிர்ச்சியும் தனித்தனியே உள்ள இடம், மறைவிடம், ஊர்வன அறிந்த மருத்துவர் ஆகியவற்றுக்கு இயலாதவர் வாங்காதிருப்பதே இரக்கம். சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்போர் இன்றே வனத்துறையிடம் ஒப்படைக்கட்டும்.