ஏரிக்கரைக்கு எத்தனை மூட்டை சிமெண்டு?

கோடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது என்று நினைப்பவர்கள் பலர். இல்லை! 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை போட்டு உண்டாக்கிய ஏரி அது.

அந்தக் காலத்தில் மலையில் வீடு கட்டுவது லேசான காரியமா? பெரியகுளம் பக்கமிருந்து மலைப்பாதையில் தலைச்சுமையாகச் சாமான் ஏற வேண்டும். லாஸ் காட் சாலை திறந்ததே முதல் உலகப் போர் சமயத்தில்தான். 1934-ல் மதுக்கரையிலும், 1949-ல் தாழையூத்திலும் சிமெண்டு ஆலைகள் வந்தன. அப்புறம் கேட்பானேன்! மூட்டை, கம்பி, ஜல்லி, மணல் எல்லாம் லாரி லாரியாக மலையேறின.

வியாபாரத்தை நாம் குறை சொல்லவில்லை. கொத்தனார், சித்தாள், லாரிக்காரர், கடைக்காரர் என்று எத்தனையோ வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் அதற்கும் ஒரு அளவு வேண்டாமா? மலைக்கு ஆகாத ஏழு மாடி ஓட்டல் ஒன்று எழும்பியது. விதி மீறிய மாடிகளை இடிக்கும்படி 1995-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது.

சிமெண்டுத் தரை மழைநீரைக் குடிக்காது. அந்தத் தண்ணீர் மண்ணையும் சாக்கடையையும் அடித்துக்கொண்டு நேரே ஏரியில் போய் விழும். ஏரி தூர்ந்தால் படகு ஏது? படகு இல்லாவிட்டால் டூரிஸ்டு ஏது? டூரிஸ்டு வராத ஊரில் சிமெண்டு மூட்டை வாங்குவது யார்?

நகராட்சி அதிகாரிகள் பிளானில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. எழும்புகிற மாடியையும் ஏறிப் பார்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகு இடிப்பதைவிட, கட்டும்போதே தடுப்பது எல்லோருக்கும் லாபம்!