டெல்லி – வாஷிங்டன்: தூரத்தைக் கூட்டியது யார்?

டெல்லி விமான நிலையத்திற்கும் வாஷிங்டன் விமான நிலையத்திற்கும் இடையே நேர்த் தொலைவு சுமார் 12 ஆயிரம் கி.மீ. பூமி உருண்டை என்பதால், குறுக்குவழி டெல்லியிலிருந்து வடமேற்காகக் கிளம்பி பாகிஸ்தான், மத்திய ஆசியா எனத் துருவப் பக்கம் ஏறி இறங்குகிறது. அந்த வழியின் முதல் வாசலே இப்போது இந்திய விமானங்களுக்குப் பூட்டப்பட்டிருக்கிறது.

2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 அப்பாவிகள் கொல்லப்பட்டனர். எந்த நியாயமும் சொல்ல முடியாத கொடுமை அது. மறுநாள் இந்தியா சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. 24-ஆம் தேதி பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. 30-ஆம் தேதி இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி தன் நிலத்தின் மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்பதால், இரு தரப்புக்கும் சட்டம் துணை நிற்கிறது.

விளைவு? டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானம் குஜராத் பக்கம் இறங்கி, அரபிக் கடலைச் சுற்றி மேலேற வேண்டும். கூடுதல் தூரத்திற்குக் கூடுதல் எரிபொருள். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவும் எரிபொருள். ஓர் எல்லைக்கு மேல் பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும், இல்லையேல் நடுவில் இறங்கி நிரப்ப வேண்டும். அப்படித்தான் வாஷிங்டனிலிருந்து வந்த ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவில் இறங்கின. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சேவையே நிறுத்தப்பட்டது. பழைய போயிங் 787 விமானங்களைப் புதுப்பிக்க அனுப்புவதால் விமானப் பற்றாக்குறை என்பதையும் நிறுவனம் காரணமாகச் சொன்னது. ஆனால் வான்வெளி மூடலையும் சேர்த்தே சொன்னது.

மூடியவருக்கும் இலாபமில்லை. மேலே பறப்பதற்கான கட்டணம் நின்றுபோனதால், ஜூன் 30 வரை மட்டும் தமக்கு 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் வருவாய் போனதாக அந்நாட்டு பாதுகாப்பு அமைச்சகமே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2019-ல் பாலகோட்டுக்குப் பின் இதேபோல் மூடியபோது ஏர் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பு 491 கோடி ரூபாய்.

கஸ்ர் தொழுகைக்குரிய பயணத் தொலைவை நம் ஃபிக்ஹு நூல்கள் இரண்டு மர்ஹலா என்றும் மூன்று நாள் நடை என்றும் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு இது புரியும். பயணிக்குத் தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல, நேரமும் களைப்பும்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோருக்கு நடுவழியில் இரண்டு மணி நேரம் இருக்கையிலேயே காத்திருப்பது சின்ன விஷயமா?

நம் ஊர்க்காரர்கள் பயப்படத் தேவையில்லை. சென்னை, திருச்சியிலிருந்து வளைகுடா செல்லும் பாதை அரபிக் கடல் மேலேயே போகிறது. துபாய், தோஹா வழியாக அமெரிக்கா செல்வோருக்கும் சிக்கலில்லை. தடை இந்திய, பாகிஸ்தான் விமானங்களுக்கு மட்டுமே. ஆனால் டெல்லி வழியாக இந்திய விமானத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் நடுவில் எங்கே இறங்குகிறது என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். தடை ஒரேயடியாக விதிக்கப்படவில்லை. மாதம் ஒருமுறை, 24-ஆம் தேதியையொட்டி, இரு நாடுகளும் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டு நீட்டித்து வந்திருக்கின்றன.