கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிற்றார்

பழைய மின் கிற்றார்களுக்கும் வால்வு அம்பிளிபயர்களுக்கும் இன்று ஏற்பட்டுள்ள மவுசு இசைப்பற்றினால் மட்டும் வந்ததன்று. காணி, நகை, ஓவியம் என்று பணத்தை முடக்கி வைக்கும் வரிசையில் இப்போது கிற்றாரும் சேர்ந்துவிட்டது. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராற்றோகாஸ்டர் 2019 இல் நியூயோர்க்கில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. மறு ஆண்டு, கேர்ட் கொபேன் வாசித்த மார்ட்டின் கிற்றார் 60 இலட்சம் டொலரைத் தாண்டிற்று. அவை அந்தப் பெயர்களுக்குக் கிடைத்த விலை. கில்மோர் தமக்குக் கிடைத்ததை அறப்பணிக்கு வழங்கிவிட்டார். ஆனால் அந்தக் காய்ச்சல் நம்மவரையும் பிடித்து, வாசிக்கவே தெரியாதவர்கள் கிற்றாரை வாங்கிப் பூட்டி வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வால்வு அம்பிளிபயரை ஏன் தேடுகிறார்கள்? ட்ரான்சிஸ்டர் தன் எல்லையை மீறும்போது ஒலியைச் சட்டென வெட்டிவிடும். வால்வோ மெல்ல மெல்ல நெரிபட்டு, ஒலிக்கு ஒரு கரகரப்பையும் கனிவையும் தரும். ஆனால் அந்தக் குணம் கருவியை உரக்க வாசிக்கும்போதுதான் வெளிப்படும். பல ஆண்டுகள் மின்சாரமே காணாத அம்பிளிபயரில் கப்பாசிற்றர்கள் உலர்ந்து பழுதாகும். பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வோர் இதை அறிவார்களா?

இலங்கையில் இதற்கு இன்னொரு கனதியும் உண்டு. அறுபதுகளில் கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996) சிங்கள மெல்லிசைக்குள் மின் கிற்றாரைக் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் பொப் இசைப் பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய கிற்றார் வாங்குவது எளிதாயிருக்கவில்லை. இருந்ததை வைத்தே வாசித்தார்கள். பின்னர் 1983 ஜூலையில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அந்தத் தீயில் எத்தனை வாத்தியங்கள் போயின என்று எவர் கணக்கெடுத்தார்? மனோகரனும் 2018 இல் மறைந்துவிட்டார். எஞ்சிய கருவிகளையேனும் வாசித்துக் காட்ட வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில், பழைய கிற்றார் ஒன்றையும் சிறிய வால்வு அம்பிளிபயர் ஒன்றையும் வாங்கினேன். அக்காலத்தில் திருமண வீடுகளில் வாசித்த முதியவர் ஒருவருடையவை அவை. செய்தியறிந்து வந்த ஒரு ரசிகர் உபதேசம் செய்தார்: "ஒன்றையும் மாற்றாதீர்கள் ஐயா. அந்த இரண்டு முனைப் பிளக்கைக்கூட மாற்றாதீர்கள். மாற்றினால் விலை பாதியாகிவிடும்."

வால்வு அம்பிளிபயருக்குள் 300, 400 வோல்ற் வரை மின்னழுத்தம் ஓடும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் கப்பாசிற்றர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். எர்த் கம்பி இல்லாமல் அதனோடு இணைத்த கிற்றாரின் உலோகக் கம்பிகளைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்கொட்லாந்துக் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 ஆம் திகதி சுவான்சி நகர மேடையில், எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். இதைவிடவா ஒரிஜினல் பிளக் பெரிது? பழைய வானொலிகளைத் திருத்தும் ஒருவரிடம் கொடுத்து மூன்று முனைப் பிளக் பூட்டினேன். பழுதான கப்பாசிற்றர்களையும் மாற்றுவித்தேன். விலை குறைந்திருக்கலாம். அதை நான் விற்பதற்காக வாங்கவில்லையே!

இப்போது வெள்ளவத்தை அடுக்குமாடியில் மாலையில் அரை மணி நேரம் வாசிக்கிறேன். நான் தேர்ந்த கலைஞன் அல்லன். பக்கத்து வீட்டுப் பையன்தான் என்னிலும் நன்றாக வாசிக்கிறான். கருவி பெரும்பாலும் அவன் கையிலேயே இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

பழமையைக் காப்பது வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. வரலாற்றுச் சிறப்புள்ள சில கருவிகள் அருங்காட்சியகத்தில் இருப்பது முறை. எல்லோரும் சென்று பார்க்கலாம். ஒரு தனவந்தரின் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டி அருங்காட்சியகமாகாது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நிலவறையிலோ பரணிலோ அப்பாவின், மாமாவின் கிற்றார் கிடக்கக்கூடும். அதன் ஏல விலையைத் தேடுமுன், அதை யார், எந்தக் குழுவில், எந்த ஊரில் வாசித்தார் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு கம்பி மாற்றி, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். வட அமெரிக்காவில் வாங்கிய அம்பிளிபயரை இங்கே கொண்டுவருவதானால் அது 120 வோல்ற்றுக்குரியது, நமது மின்சாரமோ 230 வோல்ற் என்பதை மறவாதீர்கள். மின்மாற்றி இல்லாமல் இணைத்தால் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த கருவி அரை நிமிடத்தில் புகைந்துவிடும்.