கட்டத்துக்குள் அடங்காத கால்வாய்



கலர் கலரா ஒரு வெள்ள வரைபடத்தைக் காட்டினால் உடனே நம்பி விடுகிறோம். "கம்ப்யூட்டரே சொல்லுதுல்லா!" என்கிறோம். கம்ப்யூட்டர் சொல்லவில்லை மக்கா, அதற்குக் கட்டளை கொடுத்தவன் சொல்கிறான். நாளை அந்த வேலை நம்ம கைக்கும் வரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம பக்கத்து ஆட்கள் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. இன்னொரு வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று கணக்குப் போட, ஆறு, கால்வாய், குளம் எல்லாவற்றின் கோட்டுப் படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக மாற்றுகிறார்கள். அதற்குப் பெயர் ராஸ்டர். ஜி.டி.ஏ.எல். என்ற இலவசக் கருவித் தொகுப்பு இருந்தால் ஒரே வரிக் கட்டளையில் வேலை முடிந்தது!

அங்கேதான் ஆபத்து. மாற்றும் கட்டளைக்கு முன்னால், படத்தின் ஜாதகத்தைக் காட்டும் 'ஓ.ஜி.ஆர்.இன்ஃபோ' கட்டளையை அடித்து மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்று, அளவு டிகிரியிலா, மீட்டரிலா? டிகிரிப் படத்துக்குக் கட்ட அளவு 30 என்று கொடுத்தால் அது 30 டிகிரி! இந்தியாவின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இரண்டு, எந்த மண்டலம்? மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறையில் 78 டிகிரி தீர்க்கரேகை நம்ம பள்ளத்தாக்கையே இரண்டாக வெட்டுகிறது. பாளையங்கோட்டை 43-வது மண்டலம். ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் 44. மாற்றாமல் ஒட்டினால் ஆறு இடம் மாறிப் போகும்.

மூன்று, கால்வாய் எவ்வளவு அகலம்? 10 மீட்டர் கால்வாயை 30 மீட்டர் கட்டத்தில் போட்டால், கட்டத்தின் நடுப்புள்ளி கால்வாய்க்குள் விழுந்தால்தான் அது தண்ணீர், இல்லாவிட்டால் வயல். கால்வாய் துண்டு துண்டாகிவிடும். தொட்ட கட்டத்தையெல்லாம் சேர்க்கச் சொன்னாலோ குறைந்தது மூன்று மடங்கு வீங்கிவிடும். குளத்துக் கரைக்கும் இதே கதிதான்.

"சாஃப்ட்வேர் பாத்துக்கிடும்" என்பார்கள். பார்க்காது! தப்பான கட்டத்தோடும் கட்டளை 100 வரை எண்ணி, 'முடிந்தது' என்று நின்றுவிடும். ஆனால் அந்தப் படத்தை நம்பி மேடு என்று வீடு கட்டுகிறவன் முழங்கால் தண்ணீரில் நிற்பான்.

ஆகவே நம்ம சர்வே லேபில் செயின், தியோடலைட்டோடு இந்தக் கட்டளைகளையும் சொல்லித் தர வேண்டும். பழைய கம்ப்யூட்டரே போதும். வெயிலில் டேப் பிடித்துக் கால்வாயை அளந்தவனுக்குத்தான் கட்டம் எத்தனை மீட்டர் என்று தீர்மானிக்கும் தகுதி உண்டு. அந்தத் தகுதி டிப்ளமாக்காரர்களான நமக்கு இருக்கிறது நண்பர்களே. கேட்டு வாங்குவோம்!