ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்... காசு எங்கே?

நம்ம ஆளுங்க வெளியூர்ல பத்து குடும்பம் சேர்ந்தா ஒரு சங்கம். சங்கம் வந்தா பொங்கலுக்கு ஒரு விழா. இங்கே புனேயில நான் பார்க்கிற விழாக்களோட இப்போ ஒட்டிக்கிட்டு வர்றது சாரிட்டி ஏலம். ஏழைப் பிள்ளைங்க படிப்புக்காம். நல்ல விஷயம்தான். நடத்துற லட்சணம்தான் வயித்தெரிச்சல்.

மேடையில கூவிக் கூவி ஏலம். கைதட்டல். மறுநாள் காலையில ‘மூணு லட்சம் திரட்டினோம்’னு வாட்ஸ்அப்ல போட்டோ. பி.காம். படிச்ச பாவத்துக்கு ஒரு கணக்கு போடறேன். ஏலம் போனது 3 லட்சம்னு வைங்க. ஏசி ஹால், சாப்பாடு, மைக் செட், சால்வை எல்லாம் 1.80 லட்சம். எடுத்தவங்க கட்டாத பாக்கி 70 ஆயிரம். பிள்ளைங்களுக்குப் போறது வெறும் 50 ஆயிரம்! இதுக்குப் பேரு வெற்றியா?

நான் பார்த்த ஒரு ஏலத்துல, வீராப்பா கை தூக்கினவர் மூணு மாசமாச்சு, இன்னும் பைசா கட்டலை. கேட்டா சங்கடமாம்.

பேங்க்ல வாராக்கடன் சொத்தை சர்ஃபாசி சட்டப்படி ஏலம் விடும்போது டெபாசிட் கட்டினவர்தான் கேட்க முடியும். எடுத்தவர் அன்னிக்கே, இல்லைன்னா அடுத்த வேலைநாளுக்குள்ள, 25 சதவீதம் கட்டணும். விற்பனை உறுதியானா மீதிக்குப் பொதுவா 15 நாள். தவறினா கட்டினதும் கோவிந்தா!

‘இது சேவை சார், பேங்க் இல்லை’ம்பாங்க. பேங்க்குக்கு நஷ்டம்னா புரொவிஷன் போட்டு சமாளிக்கும். ஜூன்ல ஃபீஸ் கட்டவேண்டிய பிள்ளை என்னத்த புரொவிஷன் போடும்?

காந்தி 1933-34ல ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராப் போனப்ப, தனக்கு வாசிச்சுக் கொடுத்த வரவேற்புப் பத்திரத்தையே மேடையில ஏலம் விட்டார். கையெழுத்து வேணுமா, அஞ்சு ரூபாய் எடு. சரக்குக்கு அவர் போட்ட முதல் சைபர்.

விலை உசந்த பொருளும் வேண்டாங்க. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயில்ல 2024 பங்குனி உத்திரத்துக்கு ஒன்பது எலுமிச்சம்பழம் ரெண்டு லட்சத்துக்கு மேல போச்சு. பழத்துக்கா அந்த விலை? மனசுக்கு. நம்ம சங்கத்து மாமி போட்ட மாவடு ஜாடியை ஏலத்துக்கு வச்சுப் பாருங்க, ஊர் நினைப்புல அடிச்சுக்குவாங்க!

அதனால நிர்வாகிகளே,

1. ஹால், சாப்பாட்டுச் செலவுக்கு முதல்ல ஸ்பான்சர் பிடிங்க. கிடைக்கலைன்னா ஸ்கூல் ஹாலும் சுண்டலும் போதும்.
2. ஏலப் பொருள் எல்லாம் இலவசமா வந்ததா இருக்கணும். குறைஞ்சபட்ச விலையை முன்னாடியே எழுதி வைங்க.
3. பேர் கொடுக்கும்போதே டெபாசிட். யுபிஐல முழுக்காசும் வந்தப்புறம்தான் பொருள் கைமாறணும்.
4. பட்டுப்புடவையை ஏலத்துல எடுத்துட்டு முழுத்தொகைக்கும் 80ஜி ரசீது கேட்கிறவங்களுக்குப் புரியவைங்க: பொருளுக்கு ஈடா கொடுத்த காசு நன்கொடை ஆகாது. நிஜ நன்கொடையே ஆனாலும், 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிச்சலுகை கிடையாது.
5. பத்து நாள்ல வரவு, செலவு, பாக்கி, கடைசியா பிள்ளைங்க கைக்குப் போனது எவ்வளவு, எல்லாம் ஒரே தாள்ல.

கணக்கு கேட்டா, ‘எங்க மேல நம்பிக்கை இல்லையா?’ன்னு கோச்சுக்கிறாங்க.

நம்பிக்கை இருக்கு சார். கணக்கும் வேணும்.