கொக்கியை எதில் மாட்டுவது?

கட்டட வேலைக்காரனுக்கு உயிர்ப்பயம் கிடையாது, கொடுக்கிற பெல்ட்டைப் போடமாட்டான், அதனால்தான் சாகிறான் என்கிறார் ஒரு அன்பர். எண்ணூர் விபத்துக்குப் பிறகும் இப்படிப் பேச ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையப் பணியில் எஃகு வளைவு சரிந்து 9 பேர் செத்தார்கள். அசாம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். காசிமேட்டில் இருப்பவனுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. உடல்கள் வந்தது நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு. நிற்கிற இரும்பே சாயும்போது அதில் கொக்கியை மாட்டியவன் என்ன ஆவான், அன்பரே? இரும்போடு சேர்ந்து வருவான். 2014-இல் மவுலிவாக்கத்தில் 11 மாடி இடிந்து 61 பேர் இறந்தார்களே, அங்கே யார் ஹெல்மெட் போடாததால் கட்டடம் விழுந்தது?

சரி, தனியாகத் தவறி விழுகிறவனைப் பற்றியே பேசுவோம். சாரத்தில் கம்பி கட்டுகிறவனின் பெல்ட்டில் பெரும்பாலும் ஒரே கொக்கி. நாலடி நகர்ந்தால் கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். மாட்டுவதற்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தால்தானே! இல்லாத இடத்தில் பெல்ட் இடுப்பில் அரைஞாண் மாதிரி சும்மா தொங்கும். கூலியோ டன் கணக்கு. கழற்றி மாட்டுகிற நேரத்துக்கு எந்த மேஸ்திரி காசு கொடுக்கிறார்? கயிறு கட்டாமல் ஏறமாட்டேன் என்றால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள். ஊரில் முன்பணம் வாங்கிவிட்டு ரயிலேறியவனுக்கு அந்த வாய் வருமா?

குடித்துவிட்டு ஏறுகிறான் என்பது அன்பரின் பிரம்மாஸ்திரம். சிலர் குடிக்கிறார்கள்தான். அவனைக் கேட்டிலேயே நிறுத்தாமல் மேலே ஏற்றியது யார்? இடைவிடாத மேற்பார்வை வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்றது, எண்ணூர் விபத்தன்று அமலில் இருந்த 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 44-வது பிரிவு. அன்பர் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

டெண்டர் எடுத்தவரிடமிருந்து சப்-காண்ட்ராக்ட், அதற்குள் இன்னொரு சப்-காண்ட்ராக்ட். கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் காசு நிற்கும். கடைசிக் கையில் மிஞ்சுவதில் முதல் வெட்டு வலைக்கும் கயிற்றுக்கும்தான். அதற்கும் கீழே நிற்பவனுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்கச் சொல்கிறார் அன்பர். தாராளமாக எடுக்கட்டும், அவனுக்குப் புரிகிற பாஷையில். அதற்கு முன்னால் சைட் ஸ்டோருக்குள் போய், கயிறு வந்திருக்கிறதா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வரட்டும்.