வாக்குப் பெட்டிக்கு முந்தும் கணிப்புகள்

தேர்தலுக்கு இன்னும் ஓராண்டு இருக்கும்போதே, "இவர் தேறமாட்டார்" என்று ஒரு சதவீதக் கணக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வேட்பாளர் என்ன பேசினாலும் எடுபடுவதில்லை. தோற்கப் போகிறவர் என்பதால் கணிப்பில் பின்தங்கினாரா, பின்தங்கினார் என்று கணிப்பு சொன்னதால் தோற்றாரா? இது எங்கோ அமெரிக்காவில் எழும் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

கோல் மார்க்கெட்டிலிருந்து அதிக தூரமில்லாத சிக்கந்தரா சாலையில் இருக்கிறது லேடி இர்வின் கல்லூரி. அங்கே படித்தவர் ஷியாமளா கோபாலன். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த தமிழர் ஒருவரின் மகள். 1958-ல், 19 வயதில், மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா போனார். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக முயன்று, ஜனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில் இறங்கினார்.

அந்நாட்டு முறை நமக்குப் புதிது. அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாகக் கட்சி வாக்காளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 ஜூன் மாத விவாதத்தில் கமலா நன்றாகப் பேசினார். சில கணிப்புகளில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தார். இலையுதிர் காலத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினார். டிசம்பர் 3-ஆம் தேதி, பணமில்லை என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலகினார். அதுவரை ஒரு மாநிலத்தில்கூட ஒரு வாக்குச்சீட்டும் விழவில்லை!

அவர் பக்கம் பிழையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. மருத்துவக் காப்பீட்டுப் பிரச்சினையில் அவர் நிலை மாறி மாறிப் பேசினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பிழைக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் வாக்காளர்கள் அல்லவா? அவர்களுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

கணிப்பு மட்டும் ஒருவரை வீழ்த்திவிடுவதில்லை. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் கெர்ரியும் கணிப்புகளில் வெகுவாகப் பின்தங்கித்தான் இருந்தார். அவர் தம் வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டினார். 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் வென்றார். கட்சியின் வேட்பாளரும் ஆனார். கணிப்பில் விழுந்தவர் எழுந்து நிற்க முடியும், அடமானம் வைக்க வீடு இருந்தால்! இல்லாதவருக்கு நன்கொடை நிற்கிறது, ஊழியர் குறைகிறார்கள், பத்திரிகைகள் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றன. அடுத்த கணிப்பில் இன்னும் இறங்குகிறார்.

போதாததற்கு, 2019-ல் விவாத மேடை ஏறுவதற்கே கட்சி ஒரு கணிப்புச் சதவீதத்தை நிபந்தனையாக வைத்தது. செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் அந்த நிபந்தனையை எட்ட முடியாமல் ஆகஸ்டிலேயே விலகினார். ஆக, அளவுகோலாக இருக்க வேண்டியது வாயிற்காவலனாகிவிட்டது. ஆபத்து கணிப்பில் இல்லை. பணப்பையையும் மேடையையும் அதன் கையில் ஒப்படைத்ததில்தான் இருக்கிறது.

நம் வாசல் அனுபவம் என்ன? கோல் மார்க்கெட் என்ற பெயரிலேயே முன்பு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 1998-லும் 2003-லும் ஷீலா தீட்சித் அங்கே வென்றார். பிறகு தொகுதி மறுவரையறையில் புது தில்லித் தொகுதி வந்தது. 2013 டிசம்பரில் அங்கே அரவிந்த் கெஜ்ரிவால் அவரை 25 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். அந்தத் தேர்தலுக்கு முந்தைய பல கணிப்புகள் ஆம் ஆத்மி கட்சிக்கு மூன்றாம் இடத்தைத்தான் ஒதுக்கியிருந்தன. அது 70-ல் 28 இடங்களைப் பிடித்தது. முன்கணிப்பு விதியல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வாக்காளர் கையில் சீட்டு இருக்கும் வரை கணக்கு புரளலாம்.

ஆனால் அந்தச் சீட்டு வாக்காளர் கைக்கு வருவதற்கு முன்பே இங்கேயும் ஒரு போட்டி நடந்து முடிகிறது. கட்சி டிக்கெட்டுக்கான போட்டியைச் சொல்கிறோம். இன்று பெரிய கட்சிகள் எல்லாம் தனியாக சர்வே எடுத்து, "ஜெயிக்கக் கூடியவர்" யார் என்று பார்த்து டிக்கெட் தருகின்றன. யாரைக் கேட்டார்கள், எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தெருவில் கேட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கமலாவை வீழ்த்திய எண்கள் பத்திரிகையில் அச்சேறின. இங்கே ஒரு வார்டு ஊழியரை வீழ்த்தும் எண்ணை அவரே பார்க்க முடியாது. நம்மைப் போல் பத்து வீடு இங்கும் பத்து வீடு அங்குமாகச் சிதறி வாழும் சமூகத்தின் பெயர் அத்தகைய சர்வேயில் எப்படி மேலே வரும்?

சட்டம் இதைத் தொடுவதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2009-ல் சேர்த்த 126-ஏ பிரிவு, வாக்களித்து வெளியே வருவோரிடம் எடுக்கும் கணிப்புகளைக் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் வரை வெளியிடத் தடை செய்கிறது. மற்றக் கருத்துக்கணிப்புகளுக்குத் தடை, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் மட்டுமே. மாதக் கணக்கில் முந்தி வருபவற்றுக்குத் தடையில்லை.

தடை போடு என்று நாம் கேட்கவில்லை. வாயை அடைப்பது ஜனநாயகமாகாது. கணிப்பை வெளியிடுவோர், செலவு யாருடையது, எத்தனை பேரை எப்போது கேட்டோம் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கட்சிகள் டிக்கெட் தருமுன் சர்வேக்காரரை அல்ல, தம் உறுப்பினர்களைக் கேட்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. "அவர் ஜெயிக்கமாட்டார், வாக்கு வீணாகும்" என்று டீக்கடையில் சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டும். 2025 பிப்ரவரியில் இதே புது தில்லித் தொகுதியில் கெஜ்ரிவால் தோற்றது 4,089 வாக்குகளில். மூன்றாவதாக வந்தவர் பெற்ற வாக்குகள் அதைவிட அதிகம். வீணான வாக்கு என்று ஒன்று கிடையாது. கணிப்பைப் படிப்போம், அதற்கு அடிபணிய மாட்டோம்.